குணமானது கணக்கு

2005 டிசம்பர் 31ஆம் தேதியோடு இந்தியாவில் தொழுநோய் ஒழிந்தது. ஆண்டு முடிவதற்குள் ஒழித்தாக வேண்டும் என்று கெடு. கிருமியும் ஒத்துழைத்தது. அடுத்த மாதம் முறைப்படி அறிவித்தார்கள். ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டார்கள். நாமும் செய்தித்தாளின் உள்பக்கத்தில் அதைப் பார்த்துவிட்டுக் கிரிக்கெட் பக்கத்துக்குத் தாவினோம்.

ஒழிந்த அந்த 2005இல் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட நோயாளிகள் 1,61,457 பேர். ஒழிந்ததற்கு மறு வருடம் 1,39,252 பேர். 2023இல் 1,07,851 பேர். அந்த 2023இல் உலகம் முழுவதற்குமான எண்ணிக்கையே 1,82,815தான். உலகத்தின் புதிய தொழுநோயாளிகளில் பாதிக்கு மேல், நோயை ஒழித்துவிட்ட நாட்டில் இருக்கிறார்கள். மற்ற நாடுகள் எல்லாம் சேர்ந்து மிச்சத்தைப் பங்குபோட்டுக்கொள்கின்றன.

பொய் சொல்லிவிட்டார்கள் என்று யாரும் கொதிக்க வேண்டாம். ஒரு எண்கூடப் பொய்யில்லை. பத்தாயிரம் பேருக்கு ஒரு நோயாளிக்குக் கீழே வந்துவிட்டால், பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில் நோய் ஒழிந்ததாக வைத்துக்கொள்ளலாம் என்று 1991இல் உலக சுகாதாரப் பேரவை தீர்மானம் போட்டது. 2000க்குள் முடியுங்கள் என்றது. நாம் வழக்கம்போல் ஐந்து வருடம் தாமதமாக 0.95க்கு வந்து சேர்ந்தோம். நூற்றுப்பத்துக் கோடிப் பேர் வாழும் நாட்டில் 0.95 என்றால் ஒரு லட்சம் பேர். ஒரு லட்சம் பேருக்கு நோய் இருந்தது. நாட்டுக்கு இல்லை.

இந்த 0.95க்கு எப்படி வந்தார்கள் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பாதி தூரம் வந்தது நேர்மையான வழியில். அதை மறுப்பவன் நன்றி கெட்டவன். எண்பதுகளின் தொடக்கத்தில் பத்தாயிரத்துக்கு 57 பேர் என்றிருந்த கணக்கைக் கீழே இறக்கியது கூட்டு மருந்து சிகிச்சை. ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபசிமின். மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்தது. அதுவரை டாப்சோனை மட்டும் வாழ்நாளெல்லாம் விழுங்கிக்கொண்டிருந்தவர்கள், இரண்டே வருடத்தில் மருந்தை விட்டு வெளியே வந்தார்கள். மருத்துவம் ஜெயித்த கதை அது.

மீதிப் பாதித் தூரம் வந்தது பேனாவால்.

0.95 என்பது எதை எண்ணிய கணக்கு? குறிப்பிட்ட தேதியில் யார் யார் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று பதிவேட்டைப் பார்த்து எண்ணியது. மாத்திரை முடிந்தவர் கணக்கில் இல்லை, அவருடைய விரல் மடங்கியிருந்தாலும். இன்னும் கண்டுபிடிக்கப்படாதவரும் கணக்கில் இல்லை, அவர் மூக்கிலிருந்து கிருமி பறந்துகொண்டிருந்தாலும். இப்படியொரு பதிவேட்டில் எண்ணிக்கையைக் குறைக்க இரண்டு வழி. ஆட்களைச் சீக்கிரம் வெளியே அனுப்பலாம். புதியவர்களை உள்ளே விடாமல் பார்த்துக்கொள்ளலாம். நமது நிர்வாகம் எதிலும் பாதி வேலை செய்யாது. இரண்டையும் செய்தது.

கிருமி அதிகமுள்ள வகைக்கு 24 மாதமாக இருந்த சிகிச்சை, 1998 வாக்கில் 12 மாதமானது. மருத்துவ நியாயம் இருந்தது. 12 மாதம் போதும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அன்றைய தினமே அந்த வகைப் பதிவேடு ஏறக்குறைய பாதியாகும் என்பது ஐந்தாம் வகுப்புக் கணக்கு. ஒற்றைத் தேமல் உள்ளவருக்கு ஒரே வேளை மருந்து கொடுத்து, வந்த அன்றே அனுப்பிவைக்கும் முறையும் அந்தக் காலத்தில் வந்தது. காலையில் நோயாளி, மாலையில் குடிமகன்.

அடுத்தது, தேடுவதை நிறுத்தியது. தொழுநோய்க்கென்றே ஊர் ஊராகச் சைக்கிளில் சுற்றிய களப்பணியாளர்கள் இருந்தார்கள். வீட்டுக்குள் வந்து சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகைப் பார்ப்பார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பார்ப்பார்கள். அவர்களையெல்லாம் பொதுச் சுகாதாரத் துறையோடு இணைத்தார்கள். இணைத்த பிறகு அவர்களுக்குக் கொசு வந்தது, போலியோ சொட்டு மருந்து வந்தது, ஆயிரம் படிவம் வந்தது. தொழுநோய் மட்டும் கண்ணில் படவில்லை. 2001இல் புதிய நோயாளிகள் 6,17,993. 2003இல் 3,67,143. 2004இல் 2,60,063. 2005இல் 1,61,457. நான்கே வருடத்தில் நாலில் ஒரு பங்கு.

இந்தக் கிருமியின் குணம் தெரிந்தவர்கள் இந்த வரிசையைப் பார்த்தால் வாய்விட்டுச் சிரிப்பார்கள். இரண்டாகப் பிரிவதற்கே இதற்கு இரண்டு வாரம் வேண்டும். உடம்புக்குள் போய் முதல் தேமல் காட்டச் சராசரியாக ஐந்து வருடம். சில சமயம் இருபது. அப்படிப்பட்ட சோம்பேறிக் கிருமி, கெடு நெருங்க நெருங்க மட்டும் வருடத்துக்கு ஒரு லட்சம் வீதம் பின்வாங்கியதாம். எந்தச் சுற்றறிக்கையைப் படித்துவிட்டுப் பின்வாங்கியதோ!

தேடாமல் விட்டதுதான் காரணம் என்பதற்குச் சாட்சியும் அரசாங்கமேதான். 2016இல் பல மாவட்டங்களில் வீடு வீடாகத் தேடும் இயக்கம் நடத்தினார்கள். முந்தைய ஆண்டு 1,27,326ஆக இருந்த எண்ணிக்கை 1,35,485க்கு ஏறியது. கதவைத் தட்டினால் நோயாளி இருக்கிறார். தட்டாவிட்டால் இல்லை. பத்து வருடம் தட்டாமல் இருந்ததற்குத்தான் பாராட்டு விழா.

இப்போது அந்த நோயாளியைக் கொஞ்சம் பார்ப்போம். ஒரு கட்டடத் தொழிலாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். தோள்பட்டைக்குக் கீழே வெளிர்ந்த தேமல் ஒன்று. அரிக்கவில்லை, வலிக்கவில்லை. அரித்திருந்தால் டாக்டரிடம் போயிருப்பார். மெடிக்கல் ஷாப்பில் சட்டையை விலக்கிக் காட்டுகிறார். ‘படர்தாமரைண்ணே, இதப் போடுங்க’ என்று, நாலு மருந்தைக் கலந்த களிம்பு ஒன்று ட்யூபில் வருகிறது. ஆறு மாதம் களிம்பு. பிறகு பாட்டி வைத்தியம். பிறகு மறதி. இடையில் ஒருநாள் முழங்கை உட்புறம் விண்விண் என்கிறது. சுண்டு விரல் மரத்துப்போகிறது. சிமென்ட் வேலை, அப்படித்தான் இருக்கும் என்று மேஸ்திரி தீர்ப்பளிக்கிறார்.

இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் வேண்டாம். ஒரு பஞ்சுத் திரி போதும், அல்லது பால்பாயின்ட் பேனாவின் முனை. கண்ணை மூடச் சொல்லித் தேமலில் மெல்லத் தொட வேண்டும். ‘எங்கே தொட்டேன், விரலால் காட்டுங்கள்’ என்று கேட்க வேண்டும். காட்டத் தெரியாவிட்டால் நோய் அதுதான். பிறகு முழங்கைக்குப் பின்னாலும், முழங்காலுக்குப் பக்கவாட்டிலும், காதுக்குக் கீழேயும் நரம்பைத் தடவிப் பார்க்க வேண்டும், தடித்திருக்கும். புருவ முடி ஓரத்தில் உதிர்ந்திருக்கிறதா, காது மடல் பருத்திருக்கிறதா என்று ஒரு பார்வை. மொத்தம் ஐந்து நிமிடம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு காலைப்பொழுதில் எத்தனை ஓ.பி. சீட்டு என்று தெரிந்தவர்களுக்கு, இந்த ஐந்து நிமிடம் எவ்வளவு பெரிய கனவு என்பதும் தெரியும். நோய் ஒழிந்துவிட்டது என்று வாத்தியாரே சொன்ன பிறகு, இளம் டாக்டர் எதற்கு நரம்பைத் தடவப்போகிறார்?

விரல் அழுகி விழுகிறது என்று இன்னமும் நம்புகிறவர்கள் உண்டு. அந்த நம்பிக்கையை உடைத்த வேலை நடந்ததே வேலூரில்தான். நாற்பதுகளின் இறுதியிலிருந்து அங்கே அறுவை சிகிச்சை செய்த பால் பிராண்ட், சதை தானாக அழுகுவதில்லை என்று காட்டினார். நரம்பு செத்து வலி போய்விடுகிறது. வலி போனவர் கொதிக்கும் பாத்திரத்தைப் பிடிக்கிறார், ஆணியின் மேல் நடக்கிறார், காயத்தோடு கல் சுமக்கிறார். இரவில் எலி விரலைக் கடித்ததுகூடத் தெரியாமல் தூங்கியிருக்கிறார்கள். அதற்காகவே நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள் என்பது வேலூரின் வரலாறு. மடங்கிய விரல்களை, வேறு தசையின் நாணை மாற்றித் தைத்து நிமிர்த்தினார்கள். கரிகிரியில் இதற்கென்றே 1955இல் மருத்துவமனை எழுந்தது. உலகம் முழுவதிலிருந்தும் டாக்டர்கள் வந்து கற்றுக்கொண்டு போனார்கள். நம் ஊர்க்காரர்தான் இன்னும் பஸ்ஸில் பக்கத்து இருக்கையை விட்டு எழுந்துகொள்கிறார்.

இன்னொரு பெருமையும் நமக்கு உண்டு. 2001இல் இந்தக் கிருமியின் மரபணு வரிசையை முழுதாகப் படித்து வெளியிட்டார்கள். படித்த கிருமி தமிழ்நாட்டு நோயாளியிடமிருந்து வந்தது. அறிவியல் உலகில் அதன் பெயரே டி.என். ரகம். இதற்கு மட்டும் யாரும் போஸ்டர் ஒட்டவில்லை. அந்த மரபணுத் தொகுதியைத் திறந்து பார்த்தால் ஏறக்குறைய பாதி வேலை செய்வதில்லை. செயலிழந்த மரபணுக்கள் ஆயிரத்துக்கு மேல், இடத்தை அடைத்துக்கொண்டு சும்மா இருக்கின்றன. ஆனாலும் அது ஆயிரக்கணக்கான வருடமாகப் பிழைத்து வருகிறது. தாலுகா ஆபீஸ் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

எரிச்சலூட்டும் விஷயம், இந்த நோய் தீராத நோய் கிடையாது. பெரும்பாலானவர்களை இது அண்டுவதே இல்லை; நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் இயல்பிலேயே எதிர்ப்பு இருக்கிறது. மருந்து அட்டை 28 நாளுக்கு ஒன்று. மாதம் ஒருமுறை, நர்ஸ் கண் முன்னால் ரிஃபாம்பிசினும் மற்ற இரண்டும். மற்ற நாட்களில் வீட்டில் டாப்சோனும் குளோஃபசிமினும். கிருமி குறைவு என்றால் ஆறு அட்டை, அதிகம் என்றால் பன்னிரண்டு. முதல் வேளை ரிஃபாம்பிசினிலேயே தொற்றும் சக்தி அநேகமாகத் தீர்ந்துவிடும். விலையும் கிடையாது. 1995லிருந்து முதலில் ஒரு ஜப்பானிய அறக்கட்டளை, 2000லிருந்து நோவார்டிஸ் என்று யாரோ இனாமாகக் கொடுக்கிறார்கள். நோயைப் பார்க்க வேண்டியது, அட்டையைக் கொடுக்க வேண்டியது, இரண்டு வார்த்தை பேச வேண்டியது. அரசாங்கத்தின் பங்கு இவ்வளவுதான்.

அந்த இரண்டு வார்த்தைதான் கிடைப்பதில்லை. குளோஃபசிமின் சாப்பிட்டால் தோல் கருத்து, செம்மை படரும். மருந்தை நிறுத்திச் சில மாதங்களில் பழைய நிறம் திரும்பும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், கல்யாணத்துக்கு நிற்கும் பெண் மூன்றாவது அட்டையோடு நிறுத்திவிடுவாள். சிகிச்சை தொடங்கியபின் சிலருக்குத் தேமல் சிவந்து வீங்கும், நரம்பு தெறிக்கும், காய்ச்சலோடு கட்டி கட்டியாக எழும்பும். செத்த கிருமியோடு உடம்பு போடும் சண்டை அது. உடனே பிரட்னிசலோன் கொடுத்து வாரக்கணக்கில் பார்த்துக்கொண்டால் கை தப்பும். ‘மருந்து ஒத்துக்கலை’ என்று வீட்டில் உட்கார்ந்துவிட்டால் போகும். 2023இல், கண்டுபிடிக்கும்போதே கண்ணுக்குத் தெரியும் ஊனத்தோடு வந்தவர்கள் உலகில் 9,700க்கு மேல். அவர்களுக்கு மருந்து இருந்தது. நேரத்துக்கு ஒரு பேனா முனை கிடைக்கவில்லை.

ஊனம் வந்துவிட்டால் அரசாங்கம் கைவிடாது. செருப்பு கொடுக்கும். மெத்தென்ற ரப்பரில் செய்த எம்.சி.ஆர். செருப்பு. காலுக்கு நல்லது, புண் வராமல் காக்கும். பார்த்த மாத்திரத்தில் இது அந்தச் செருப்பு என்று தெருவுக்கே தெரியும்படி வெகுகாலம் செய்துவந்தார்கள். சான்றிதழும் கொடுக்கும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தொழுநோயிலிருந்து குணமானவர்களுக்கென்று தனி இடமே உண்டு. ஆனால் சலுகைக்கு 40 சதவீத ஊனம் வேண்டும். 38 என்று டாக்டர் எழுதிவிட்டால் பூச்சியம்தான். இன்னும் ஒரு விரலை எங்காவது சுட்டுக்கொண்டு அடுத்த முகாமுக்கு வர வேண்டும்.

அப்புறம் ரேஷன் கடை. விரலை வையுங்கள் என்கிறது இயந்திரம். எந்த விரலை? இருக்கும் விரலிலும் ரேகை தேய்ந்து வழுவழு என்றிருக்கிறது. துடைத்துவிட்டு வையுங்கள் என்கிறார்கள். வைக்கிறார். இன்னொரு விரல் என்கிறார்கள். இல்லை. ரேகை இல்லாதவர்களுக்கு விதிவிலக்கு உண்டு என்று விதிமுறையில் தெளிவாக அச்சடித்திருக்கிறது. அந்தப் பக்கத்தைப் படித்த ஊழியர் அன்றைக்கு லீவு. பதிவேட்டிலிருந்து இந்த மனிதரை வெளியேற்றியபோது யாரும் கைரேகை கேட்கவில்லை. அரிசிக்கு மட்டும் வேண்டுமாம்.

சட்டத்தின் வேகத்தையும் சொல்லியாக வேண்டும். நோயாளிகளைப் பிடித்து அடைப்பதற்கு வெள்ளைக்காரன் 1898இல் ஒரு சட்டம் போட்டான். அது ஏட்டிலிருந்து நீங்கியது 2016இல். தொழுநோயைக் காட்டி விவாகரத்து வாங்கலாம் என்ற விதி நீங்கியது 2019இல். கூட்டு மருந்து வந்து முப்பத்தெட்டு வருடம் கழித்து! ஒரு வருடத்தில் குணமாகும் நோய்க்காக அதுவரை மனைவியை, கணவனைக் கழற்றிவிட இந்த நாட்டின் சட்டம் வழிவிட்டது.

இதைவிடச் சுவையானது 2008இல் நடந்தது. ஒடிசாவில் ஒருவர் நகராட்சித் தேர்தலில் ஜெயித்திருந்தார். தொழுநோய் இருப்பவர் பதவி வகிக்கக் கூடாது என்கிறது 1950ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டம் என்று பதவியைப் பிடுங்கினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. கொலை வழக்கோடு நிற்கலாம், ஆள் கடத்தல் வழக்கோடு நிற்கலாம், சிறையிலிருந்தே வேட்புமனு போடலாம். தேமலோடு கூடாது என்றது அந்தச் சட்டம். கவுன்சிலர் பதவியின் தூய்மை நமக்கு அவ்வளவு முக்கியம்.

சினிமாவும் தன் பங்கைச் செய்தது. ‘ரத்தக்கண்ணீர்’ 1954இல் வந்தது. டாப்சோன் அப்போதே புழக்கத்தில் இருந்தது. எம்.ஆர். ராதா நடித்த நடிப்புக்கு ஈடில்லை. அந்தக் குரலுக்கு இன்றைக்கும் கைதட்டுவேன். ஆனால் தாசி வீட்டுக்குப் போனால் தொழுநோய் வரும் என்ற பாடத்தை மூன்று தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்ததும் அந்தப் படம்தான். தும்மலிலும் மூச்சிலும் பரவும் கிருமிக்கு ஒழுக்கச் சான்றிதழ் கேட்கத் தெரியாது. நம் மாமியார்களுக்கு இன்றும் கேட்கத் தெரியும்.

இவ்வளவு நேரம் பேசியது பதிவேடு உள்ள நோயைப் பற்றி. பதிவேடே இல்லாத உறவினர்கள் சிலர் இந்தக் கிருமிக்கு உண்டு. மைக்கோபாக்டீரியா குடும்பத்தில் காசநோய்க்காரனையும் தொழுநோய்க்காரனையும் விட்டால் இன்னும் 190க்கு மேற்பட்ட இனங்கள். மண்ணில் இருக்கும், குளத்தில் இருக்கும், மொட்டைமாடித் தொட்டியில் இருக்கும், குழாயின் உட்புற வழவழப்பில் சுகமாகக் குடியிருக்கும். குளோரினுக்கு எளிதில் மசியாது. ஆளிடமிருந்து ஆளுக்குப் பொதுவாகத் தொற்றாது. டாக்டர்கள் சுருக்கமாக என்.டி.எம். என்கிறார்கள். நம்மைத் தேடி இவை வருவதில்லை. நாம்தான் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பணம் கட்டி வாங்கிக்கொள்கிறோம்.

பித்தப்பைக் கல். லேப்ராஸ்கோப்பி, நாலு சின்ன ஓட்டை, மறுநாள் வீடு. நோயாளிக்குச் சந்தோஷம். உள்ளே ஆபரேஷன் தியேட்டரில் என்ன நடக்கிறது? கருவிகள் ஒரே செட். காலையிலிருந்து வரிசையாக ஐந்து கேஸ். நீராவி அழுத்தத்தில் வைத்தால் கருவி கெட்டுவிடும் என்ற பயம். இன்னொரு செட் வாங்கினால் லாபம் கெட்டுவிடும் என்ற அதைவிடப் பெரிய பயம். எனவே குளுட்டரால்டிஹைடு ட்ரேயில் ஒரு முக்கு. கிருமி முழுதாகச் சாக அந்தத் திரவத்தில் பத்து மணி நேரம் ஊற வேண்டும். ஊறுவது இருபது நிமிடம். பிறகு, ரசாயனம் போகட்டும் என்று தண்ணீரில் ஓர் அலசு. அந்தத் தண்ணீரில்தான் நம் உறவினர் காத்திருக்கிறார்.

சில வாரம் கழித்துத் தொப்புள் பக்கத்தில் ஒரு கட்டி. உடைகிறது, சீழ், ஆறுவதில்லை. ஒரு ஆன்டிபயாடிக், இன்னொரு ஆன்டிபயாடிக், விலை கூடிய மூன்றாவது. கல்ச்சர் அனுப்பினால் இரண்டு நாளில் ‘வளர்ச்சி இல்லை’ என்று தாள் வருகிறது. வளர வேண்டியது இரண்டு நாளில் வளராது. அப்போது தொடங்கும் விசாரணையைக் கவனியுங்கள். ‘சுகர் இருக்காம்மா?’ ‘தண்ணி படாமப் பாத்துக்கிட்டீங்களா?’ ‘வீட்ல சுத்தமா இருப்பீங்களா?’ கேள்வி எல்லாம் நோயாளியின் வீட்டைப் பற்றி. ட்ரேயைப் பற்றி ஒரு கேள்வி கிடையாது.

கடைசியில் யாரோ புண்ணியவான் சீழைச் சாயம் போட்டுப் பார்க்கிறார். சிவப்புக் குச்சிகள். அப்படியானால் டி.பி. என்று ஆறு மாத மாத்திரை எழுதப்படுகிறது. சாயத்தில் இரண்டும் ஒரே சிவப்பு; இனம் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. மைக்கோபாக்டீரியம் அப்சஸஸ், செலோனே, ஃபார்ச்சூயிட்டம் போன்றவற்றுக்கு வழக்கமான டி.பி. மாத்திரை பெரும்பாலும் உறைப்பதில்லை. எது கேட்கும் என்று சோதித்து, கிளாரித்ரோமைசின், அமிக்காசின் ஊசி என்று மாதக்கணக்கில் கொடுக்க வேண்டும். சிலருக்குப் புண்ணையே வெட்டி எடுக்க வேண்டும். அமிக்காசினில் காது கேட்பது குறையலாம். பித்தப்பைக் கல்லுக்குப் போனவர் காது கேளாமல் திரும்புவது, இருபது நிமிடத்தில் மிச்சம் பிடித்ததன் வட்டி. பிரேசிலில் இதே கதை பெரிய அளவில் வெடித்தபோது, இப்படி முக்கி எடுத்து ஸ்கோப்பிக் கருவிகளைச் சுத்தம் செய்வதற்கு 2009இல் தடை போட்டார்கள். நாம் கருத்தரங்கு போடுகிறோம். கட்டுரை வாசிக்கிறோம். மதியச் சாப்பாடு நன்றாக இருக்கிறது.

நுரையீரலில் வந்தால் இன்னும் மோசம். பழைய டி.பி. தழும்போ, மூச்சுக்குழாய் விரிவோ உள்ளவர்களை இவை பிடித்துக்கொள்ளும். இருமல், எடை குறைவு, சளியில் சிவப்புக் குச்சி. டி.பி.தான் என்று தொடங்குவார்கள். ஆறு மாதத்தில் கேட்காது. ‘மாத்திரையை ஒழுங்கா சாப்பிட்டிருக்க மாட்டீங்க’ என்று ஒரு திட்டு. மருந்துக்கு அடங்காத டி.பி. என்று அடுத்த முத்திரை. சளியைத் தனித்தனியே இரண்டு முறையாவது வளர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். தெரிந்தபின் மூன்று மருந்து, சளியில் கிருமி நின்ற நாளிலிருந்து இன்னும் பன்னிரண்டு மாதம். இதில் ஒரு நிர்வாக நகைச்சுவையும் உண்டு. டி.பி. நோயாளிக்குச் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் அரசு தருகிறது. உங்களுக்கு டி.பி. இல்லை, என்.டி.எம். என்று சரியாகக் கண்டுபிடித்தால் அந்தப் பணம் போய்விடும். மாத்திரையையும் சொந்தக் காசில் வாங்க வேண்டிவரும். தப்பான நோயோடு இருப்பதே சிக்கனம்.

இந்த நோய்க்காரர்கள் இந்தியாவில் எத்தனை பேர்? கட்டாயமாக அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் டி.பி. உண்டு, இது இல்லை. பதிவேடு இல்லை, இலக்கு இல்லை, கெடு இல்லை. எண்ணாததால் ஒழிக்க வேண்டிய அவசியமும் இல்லை. தொழுநோய்க்குப் பாடுபட்டு எட்டிய நிலையை இது பாடுபடாமலே எட்டிவிட்டது.

நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்த அரசாங்கத்துக்குத் தோல்வியை ஒப்புக்கொள்ளத் தெரியாது என்பது பாதி உண்மைதான். 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டவர்களைச் சேர்த்து பி.சி.ஜி. தடுப்பூசியைச் சோதித்தார்கள். நுரையீரல் டி.பி.யை அது தடுக்கவில்லை என்று 1979இல் பகிரங்கமாக வெளியிட்டார்கள். உலகமே அதிர்ந்தது. ஏன் தோற்றது என்று யோசித்தபோது முன்வைத்த காரணங்களில் ஒன்று, அந்த மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் இந்த என்.டி.எம். கூட்டம்தான், மக்களின் உடம்பு ஏற்கெனவே அவற்றோடு பழகியிருந்தது என்றார்கள். ஊசி வேலை செய்யவில்லை என்று அச்சில் போடும் தைரியம் அன்றைக்கு இருந்தது. அதை எழுதியவர்களுக்கு எந்தத் தேதிக்குள்ளும் எதையும் ஒழித்துக்காட்ட வேண்டிய நெருக்கடி இருக்கவில்லை போலும்.

இப்போது கெடு இல்லாமல் ஒன்றும் நடப்பதில்லை. டி.பி.யை 2025க்குள் ஒழிப்போம் என்றார்கள். 2025 வந்தது, போனது. டி.பி. போகவில்லை. தொழுநோய்ப் பரவலை 2027க்குள் நிறுத்துவோம் என்று 2023 ஜனவரி 30 அன்று, காந்தி நினைவு நாளில், திட்டம் வெளியிட்டார்கள். உலகம் 2030 என்று வைத்திருப்பதைவிட மூன்று வருடம் முன்னதாகவாம். 1991இன் இலக்குக்கு ஐந்து வருடம் தாமதமாக வந்தவர்கள் இதற்கு முந்திப் போகப் போகிறார்கள்.

பரவல் நின்றுவிட்டதென்று எப்படித் தெரியும்? உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல், தொடர்ந்து ஐந்து வருடம் குழந்தைகளில் ஒரு புது நோயாளிகூட இருக்கக் கூடாது என்கிறது. 2027இல் ஐந்து வருடம் நிறைய வேண்டுமென்றால், 2023லிருந்து ஒரு குழந்தைக்கும் வந்திருக்கக் கூடாது. அந்த ஆண்டே ஆயிரக்கணக்கில் வந்துவிட்டது. திட்டத்தின் மை காய்வதற்குள் கெடு தவறிவிட்டது.

ஆனால் நம் கணக்குப்பிள்ளைகளைக் குறைவாக எடைபோடக் கூடாது. 24ஐ 12 ஆக்கியவர்கள் அவர்கள். குழந்தை என்றால் 15 வயதுக்குட்பட்டவர் என்பது இப்போதைய விதி. விதியைத் திருத்த இன்னும் அவகாசம் இருக்கிறது.